கண்ணிக் கம்பிக்குச் சட்டத்தில் தனியாக ஒரு வரி
வாசகர் கேள்வி – பதில்

நரி, சிறுத்தை, செந்நாய், புலி போன்ற ஊனுண்ணிகளை வேட்டையிலிருந்தும் வதையிலிருந்தும் காக்கும் சட்டங்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கம்பிக் கண்ணியில் சிக்கிச் சிறுத்தைகள் சாகின்றன. ‘வேட்டையைத் தடைசெய்யச் சட்டம் வேண்டும்’ என்று கையெழுத்து வாங்கத் தொடங்கி, 2,000 பேர் போட்டுவிட்டார்கள். இதை யாருக்கு அனுப்புவது?
– கல்லூரி மாணவர்கள், கோத்தகிரி

கொஞ்சம் பொறுங்கள், இப்போதே அனுப்ப வேண்டாம். நீங்கள் கேட்கும் தடை ஏற்கெனவே இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1991 திருத்தத்தோடு உரிமம் வாங்கி வேட்டையாடும் பழக்கமும் முடிவுக்கு வந்தது. உங்கள் மனுவைப் பிரிக்கும் அதிகாரி, ‘வேட்டை ஏற்கெனவே தடைசெய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவார். 2,000 கையெழுத்தும் அந்த ஒரு வரியோடு போய்விடும்.

முதலில் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றில் எதற்கும் முயல்வது என எல்லாம் அதில் அடங்கும். சட்டம் காக்கும் விலங்குகளைப் பட்டியலிடுபவை அதன் அட்டவணைகள். புலி, சிறுத்தை, ஓநாய், கரடி முதலியவை முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றம் என்பதால், பணம் கட்டிச் சமரசமாக முடிக்கும் வழியும் இதற்கு இல்லை.

அப்படியானால் ஓட்டை எங்கே? கண்ணி வைத்தவர் யார் என்று நிரூபிக்கும் இடத்தில்தான். இந்தக் கண்ணி பெரும்பாலும் பழைய இருசக்கர வாகனத்தின் கிளட்ச் ஒயரோ பிரேக் ஒயரோதான். ஒரு முனையைச் சுருக்காக்கி, மறுமுனையை வேலிக்காலிலோ தேயிலைச் செடியின் அடித்தண்டிலோ கட்டிவிடுவார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்தது என்பார்கள், பன்றியும் அட்டவணையில் இருக்கும் விலங்குதான். அதே தடத்தில் வரும் சிறுத்தையின் இடுப்பில் சுருக்கு விழுகிறது. திமிறத் திமிற இறுகி, தோலை அறுத்து வயிற்றுக்குள் இறங்குகிறது. கட்டவிழ்த்துக் காப்பாற்றினாலும் உள்காயத்தால் பிறகு சாவதுண்டு.

சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் கண்ணியும் பொறியும் வருகின்றன. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். காப்புக்காட்டில் கண்ணி வைப்பதைத் தமிழ்நாடு வனச் சட்டம் 1882 தடுக்கிறது. பட்டா நிலத்திலும் தோட்டத்திலும் நிலைமை வேறு. சுருக்கிட்டுத் தயாராக வைத்த பத்துக் கண்ணிகள் ஒருவர் கொட்டகையில் தொங்கினாலும், அதை வேட்டை முயற்சி என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம்.

ஆகவே மனுவைத் திருத்தி எழுதுங்கள். இரண்டே கோரிக்கை போதும். ஒன்று, காட்டை ஒட்டிய பட்டா நிலங்களிலும் தோட்டங்களிலும் வனத்துறை, தோட்ட நிர்வாகம், ஊராட்சி மூன்றும் சேர்ந்து குறித்த கால இடைவெளியில் கண்ணி அகற்றும் தேடுதல் நடத்த அரசாணை. இரண்டு, சுருக்கிட்ட கண்ணியைத் தயாரிப்பதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தனிக் குற்றமாக்கும் மாநிலத் திருத்தம். முதலாவதை அரசு ஆணையாகவே போடலாம். இரண்டாவதற்குச் சட்டமன்றம் வேண்டும், குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தேவைப்படும். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். கலந்தால் கடினமானதைக் காரணம் காட்டி எளிதானதையும் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

சேலம் மாவட்டத்தில் பொங்கலையொட்டிச் சில ஊர்களில் வங்காநரி பிடித்து ஊர்வலம் விட்டு, பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். கொல்லவில்லையே, இதிலும் குற்றம் உண்டா? ஜல்லிக்கட்டுக்குக் கிடைத்த விலக்கை இதற்கும் கேட்க முடியாதா?
– வாசகி, வாழப்பாடி

பிடித்தாலே வேட்டைதான், திரும்ப விட்டதால் குற்றம் கழியாது. வங்காநரி சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. வலை போட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, காலில் கயிறு பூட்டி, மேளச் சத்தத்துக்கு நடுவே கூட்டத்தில் ஓடவிடுகிறார்கள். அதன் எடை இரண்டு மூன்று கிலோதான். இன்னொன்றையும் கவனியுங்கள். டிசம்பர், ஜனவரி இந்த நரிகள் இணைசேரும் காலம், கர்ப்பகாலம் 50 நாளுக்குச் சற்று மேல். தைப்பொங்கலுக்குப் பிடிபடும் பெண்நரி சினையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜல்லிக்கட்டோடு இதைச் சேர்த்துப் பேசுவது சரியில்லை. உச்ச நீதிமன்றம் 2014-இல் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017-இல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு திருத்தியது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஐ. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. அது வளர்ப்பு மாட்டுக்கானது. வங்காநரி காட்டு விலங்கு, அதைப் பிடிப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இந்த விலக்கு அங்கே தாவாது. (விலங்குகளைக் காக்கப் போராடுபவர்கள் மெரினாவிலிருந்து கற்க ஒன்று உண்டு. ஒரே கோரிக்கை, ஒரே சட்டம், என்ன திருத்த வேண்டும் என்ற தெளிவு. அது இருந்தால் மாநில அரசு சில நாட்களில் சட்டம் கொண்டுவரும் என்று அப்போது பார்த்தோம்.)

நீங்கள் செய்ய வேண்டியதை மார்கழி பிறந்ததுமே தொடங்குங்கள். மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஊர்ப்பெயர், வழக்கமாக நரி பிடிக்கும் நாள், வலை கட்டும் இடம் மூன்றையும் குறிப்பிட்டு மனு கொடுங்கள். ‘மாவட்டத்தில் எங்கோ’ என்றால் காவலுக்கு ஆள் போட முடியாது. ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையை வழக்குப் போட்டு மட்டும் மாற்ற முடியாது. ஊர்வலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிருள்ள நரிக்குப் பதில் மண்ணிலோ மரத்திலோ செய்ததை எடுத்துச் செல்லலாமே என்று பேசிப் பார்க்கலாம். பிடித்த பிறகு புகார் கொடுப்பதைவிடப் பிடிக்காமல் தடுப்பது எல்லோருக்கும் நல்லது, நரிக்கும்.

நாடாளுமன்றத்துக்கே மனு கொடுக்கலாம் என்கிறார்களே, எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி

கொடுக்கலாம். ஆனால் வடிவம் பிசகினால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். அதிகம் நடக்கும் பிசகுகள் இவை.

மக்களவைக்கான மனுவுக்கு விதிமுறைகளில் படிவம் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பையும் இணைத்து அதிலும் கையெழுத்திட வேண்டும். மனு சபையை நோக்கி மரியாதையான மொழியில் இருந்து, தெளிவான ஒரு கோரிக்கையோடு முடிய வேண்டும். கையெழுத்திடும் ஒவ்வொருவரின் முழுப்பெயரும் முகவரியும் தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கே: கையெழுத்துகள் பல தாள்களில் நீண்டால், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். மனு எழுதிய தாளிலேயே குறைந்தது ஒருவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். வெறும் பெயர்ப் பட்டியலைப் பின்னால் கோத்து அனுப்பினால் எடுபடாது. கடிதம், பிரமாணப் பத்திரம், வேறு ஆவணம் எதையும் மனுவோடு சேர்க்கக் கூடாது. செத்த விலங்கின் படத்தை ஒட்டி அனுப்புபவர்கள் இதைக் கவனிக்கவும். பிறகு மக்களவை உறுப்பினர் ஒருவரின் மேலொப்பம் பெற்று அவர் வழியாகத் தாக்கல் செய்யலாம்.

இதைவிடப் பலன் தரக்கூடிய வழி, மசோதா நாடாளுமன்றக் குழுவில் இருக்கும் சமயம். 2021 டிசம்பரில் தாக்கலான வன உயிரினத் திருத்த மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2022 ஏப்ரலில் வந்த குழுவின் அறிக்கை, அட்டவணையில் விடுபட்ட உயிரினங்களையும் தவறான இடத்தில் வைக்கப்பட்டவற்றையும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய ஆறு அட்டவணை நான்காகச் சுருங்கியது அப்போதுதான். குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வெளியிடும்போது கால அவகாசம் குறைவாகவே இருக்கும். ஆகவே உங்கள் விலங்கின் பெயர், இருக்கும் அட்டவணை, இருக்க வேண்டிய அட்டவணை, காரணம் என்று இரண்டு பக்கக் குறிப்பை முன்பே தயாராக வைத்திருங்கள். அறிவிப்பு வந்த பிறகு கையெழுத்து வாங்கக் கிளம்பினால் கடைசி நாள் கடந்துவிடும்.

அட்டவணை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 62-ஆம் பிரிவைப் பாருங்கள். இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கை, ஓர் இடத்துக்கும் ஒரு காலத்துக்கும், ‘தீங்குயிரி’ என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்தக் காலம் முழுவதும் அங்கே அதற்குப் பாதுகாப்பில்லை. முதல் அட்டவணையில் இருந்தால் அந்தப் பிரிவு அதைத் தொடாது.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலும் வேலை பாக்கி இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்பது பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது. 2022 நவம்பரில் மத்திய அரசு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்க நேரடியான கேள்வி ஒன்று: அந்த வரைவு என்ன ஆயிற்று?

வாய்வெடி வைத்து நரியைக் கொன்றவர்களைப் பற்றிப் புகார் செய்தோம், நடவடிக்கை இல்லை. நாங்களே வழக்குப் போடலாமா?
– இளைஞர் மன்றம், திருச்சி மாவட்டம்

போடலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அந்த உரிமையை எந்தக் குடிமகனுக்கும் தருகிறது. ஆனால் நேராக நீதிமன்றம் போக முடியாது. குற்றம் நடந்தது இது, நான் புகார் தொடுக்கப் போகிறேன் என்று அரசுக்கோ அதற்கென அதிகாரம் பெற்ற அதிகாரிக்கோ குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 60 நாளை எண்ணுவதில் ஒரு நாள் குறைந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்வார். அந்த முன்னறிவிப்பு போய்ச் சேர்ந்த பிறகு வனத்துறையே வழக்கை எடுப்பதும் உண்டு.

வாய்வெடி வழக்கில் கைதே நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் உங்கள் மாவட்டத்து ஜீயபுரம் பகுதியில் இறைச்சிக்குள் நாட்டுவெடி வைத்து நரியைக் கொன்றதற்காக 12 பேர் கைதானார்கள். வெடிபொருள் சம்பந்தப்பட்டதால் காவல்துறைக்கும் அதில் வேலை உண்டு. புகாரின் நகலை அங்கேயும் கொடுங்கள்.

வழக்கு தோற்பது பெரும்பாலும் சாட்சியத்தில். கைப்பேசிப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் தேதி, இடக்குறியீடு எல்லாம் போய்விடும். படம் எடுத்த கைப்பேசியிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள், நீக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். படத்தில் முதலில் தூரத்திலிருந்து இடம் தெரிய ஒன்று, பிறகு அருகில் ஒன்று, அளவு தெரிய ஒரு பேனாவையோ செருப்பையோ பக்கத்தில் வைத்து ஒன்று. கண்ணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வனச்சரகர் வந்து சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதிக் கைப்பற்றினால்தான் அது தடயம். உங்கள் பையில் வந்தால் வெறும் கம்பி. விலங்கு உயிரோடு சிக்கியிருந்தால் அருகே போக வேண்டாம், கூட்டம் சேர விடாதீர்கள். மிரண்டு திமிறினால் சுருக்கு இன்னும் இறுகும்.

பொது நிலவரம் தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘வேட்டை பற்றிய விவரம் தருக’ என்று கேட்டால் பதிலும் மழுப்பலாகவே வரும். கடந்த 5 ஆண்டில் பதிவான வன உயிரினக் குற்ற வழக்குகள் எத்தனை, எந்த விலங்கு, நீதிமன்றத்துக்குப் போனவை எத்தனை, தண்டனையில் முடிந்தவை எத்தனை, இணக்கக் கட்டணத்தோடு, அதாவது பணம் கட்டிச் சமரசமாக, முடிந்தவை எத்தனை என்று தனித்தனி வரிசை எண்ணிட்டுக் கேளுங்கள். அந்தக் கடைசி எண் உங்கள் அடுத்த மனுவின் முதல் வரியாகலாம்.

புலியைச் சுடச் சொல்லி அரசு உத்தரவு போட்டால் பொதுமக்களால் தடுக்க முடியுமா?
– வாசகர், கூடலூர்

உங்கள் ஊர்ப் பக்கமே நடந்திருக்கிறது. எம்டிடி 23 என்று எண்ணிட்ட புலியை வேட்டையாட 2021 அக்டோபர் 1 அன்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிட்டார். பொதுநல வழக்குகள் போனதும், உடனே கொல்ல வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வழக்கு நின்றது புலிமேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானது என்று காரணம் எழுதி உத்தரவிட வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அதிகாரி திருப்தியடைந்தால்தான் கொல்லச் சொல்லலாம். ஆகவே உத்தரவின் நகலை வாங்கி இவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆளைக் கொன்றது இந்தப் புலிதானா என்பதற்குக் கேமராப் படமும் வரிக்கோடு ஒப்பீடும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நீதிமன்றம் தலையிடாது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் அவ்னி என்ற பெண்புலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2018 நவம்பரில் அதைச் சுட்டார்கள்.

என் பட்டியில் ஒரே ராத்திரியில் ஏழு ஆடு போச்சு. சிறுத்தைக்குச் சட்டம் கேட்கிற நீங்கள் என் ஆட்டுக்கு என்ன கேட்கிறீர்கள்?
– ஆடு வளர்ப்பவர், சத்தியமங்கலம்

நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. தன் மாட்டை இழந்தவர் அதன் உடலில் விஷம் வைத்தது விசாரணையில் தெரிந்தது. இழப்பீடு தாமதமாகும் இடத்தில் எவ்வளவு கடுமையான சட்டம் இருந்தாலும் விஷம் வைப்பது நிற்காது. பிரசாரம் செய்பவர்கள் இதை மறந்தால் அவர்கள் மனுவில் ஊர்க்காரர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட மாட்டார். இழப்பீட்டை இத்தனை நாளில் தர வேண்டும் என்ற காலக்கெடுவும் மனுவில் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஏழு ஆடு சாவது சிறுத்தையின் பேராசை இல்லை. மூடிய பட்டிக்குள் ஆடுகள் ஓட வழியின்றி முட்டி மோதும்போது அது கண்டதையெல்லாம் கடித்துவிடுகிறது. ஆறடிச் சுவரோ முள்வேலியோ அதற்குத் தடையே இல்லை, மேலேயும் கம்பி வலை போட்டு மூட வேண்டும். கதவுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி கூடாது. ஆடு செத்தால் அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை உடலை அகற்றவோ புதைக்கவோ வேண்டாம். கழுத்தில் பல் பதிந்த இடத்தையும் இழுத்துச்சென்ற தடத்தையும் படமெடுத்து, கால்நடை மருத்துவரின் சான்றையும் வாங்கிவிடுங்கள். நாய் கடித்தது என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளுவது உண்டு. அதற்கு இந்தப் படம்தான் பதில்.

அமெரிக்காவில் மக்களே ஓட்டுப்போட்டு வேட்டையைத் தடுக்கிறார்களாமே?
– வாசகி, மதுரை

சில மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியாவில் 1990-இல் மலைச்சிங்க (பூமா) வேட்டையை மக்கள் ஓட்டே தடுத்தது. கொலராடோவில் 2024-இல் அதே மாதிரி ஒரு தீர்மானம் தோற்றது. நம் சட்ட அமைப்பில் அப்படி நேரடி ஓட்டு இல்லை. இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு இன்னும் பயன்படும். நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதை 2004 சட்டம் தடுத்தது. ஆனால் வாசனைத் தடத்தை மட்டும் பின்தொடர்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வேட்டைக் குழுக்கள் தொடர்ந்து கிளம்பின. நரி ‘தற்செயலாக’ மாட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதும் வரைவில் ஒவ்வொரு விதிவிலக்கையும் எதிராளி எப்படி வளைப்பார் என்று யோசித்துப் படியுங்கள்.

நரிக்கொம்பு, புலிநகம் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கிப் பார்த்து மாட்டிவிடலாமா?
– வாசகர், கோவை

வாங்காதீர்கள். உங்கள் கையில் இருந்தால் நீங்கள்தான் வைத்திருப்பவர். சட்டப்படி வைத்திருக்கிறேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி உங்கள் தலையில் விழும். விளம்பரத்தின் முகவரி, விற்பவரின் கணக்குப் பெயர், விலை, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்து வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விளம்பரத்தின் கீழே ‘உன்மேல் புகார் கொடுத்திருக்கிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள், அடுத்த நிமிடம் கணக்கை மூடிவிட்டுப் புதுப்பெயரில் வருவார்கள்.